அம்மைப்பால் எழும்பாத கை

போன மாசம் உங்க ஆஸ்பத்திரியில புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்ககிட்ட பேசறதுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. பேசி முடிச்சதும் கடைசி வரிசையில ஒரு பொண்ணு எழுந்து, "மேடம், நான் மஞ்சள்காமாலை ஊசி மூணும் போட்டுட்டேன். கார்டு கையில இருக்கு. அப்புறம் எதுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னு உயிரை வாங்கறாங்க?"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அதுக்குள்ள காபி வந்துடுச்சு, தப்பிச்சோம்டான்னு உட்கார்ந்துட்டேன்.

ஆனா மனசு கேக்கல. அந்தப் பொண்ணுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும். எனக்கு எழுத வராது. முப்பத்தஞ்சு வருஷம் நோட்டுல எழுதினதெல்லாம் காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, அவ்வளவுதான். தெரிஞ்ச மாதிரி சொல்றேன், கேட்டுக்கோங்க.

நான் திருவள்ளூர்க்காரி. எங்கப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில கைங்கர்யம் பண்ணிக்கிட்டிருந்தவர். எங்க வீட்டுல சுத்தம்னா சுத்தம், அப்படி ஒரு சுத்தம். கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்தா கால் அலம்பாம உள்ள வர முடியாது. அந்த வீட்டுல இருந்து நான் நர்சிங் படிக்கப் போறேன்னு சொன்னப்ப என்ன ரகளை நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. படிச்சு முடிச்சேன். அறுபதுகள்ல கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா போட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. அப்ப அந்தப் பக்கம் இத்தனை கம்பெனி கிடையாது, சவுக்குத் தோப்பும் நெல் வயலும்தான். ரயிலடியில இறங்கினா ஆந்திராக்காரங்களும் நம்மவங்களும் பாதிப் பாதி. வீட்டு பாஷை எனக்கு ஒரே வருஷத்துல போயே போச்சு, வார்டு பாஷை வந்துடுச்சு.

வீட்டுல கத்துக்கிட்ட சுத்தத்தை நான் விடவே இல்ல. ஸ்பிரிட் பாட்டில் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். டாக்டரே கிண்டல் பண்ணுவார், "சிஸ்டர் தொட்டா கிருமி தானா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போய்டும்"னு. எனக்கு அதுல பெருமை தாங்காது.

அப்ப பெரியம்மை ஊரை விட்டுப் போகல. வருஷா வருஷம் வெயில் காலத்துல எங்கயாவது தலைகாட்டும். அதனால ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்க, படிக்க வர்றவங்க யாரா இருந்தாலும் அம்மைப்பால் குத்தியிருக்கணும்னு சட்டம். அம்மைப்பால்னா பெரியம்மைக்கான தடுப்பு மருந்து. கையில வச்சு லேசாக் கீறுவாங்க. குத்தினா மட்டும் போதாது. எட்டாம் நாள் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கணும். அந்த இடத்துல கொப்புளம் எழும்பியிருந்தா மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எழும்பலன்னா மறுபடி குத்தணும். எழும்பினதுக்கு அப்புறம்தான் சர்ட்டிஃபிகேட். இவ்வளவுதான் சட்டம், ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும்.

ஒரு வருஷம் பதினொரு பொண்ணுங்க துணை நர்ஸ் பயிற்சிக்கு எங்ககிட்ட வந்தாங்க. எட்டாங் கிளாஸ், ஒன்பதாங் கிளாஸ் படிச்சதுங்க. அதுல ஒருத்தி எஸ்தர். ஆரம்பாக்கம் போற வழியில ஒரு காலனி, அப்பா கூலிக்கு ஏர் ஓட்டறவர், அம்மா இல்ல, சின்னதா ஒரு தங்கச்சி. அந்தக் காலனியில இருந்து ஹைஸ்கூல் வாசப்படி மிதிச்ச முதல் பொண்ணு எஸ்தர்தான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஊசியைக் கொதிக்க வைன்னா, "எவ்ளோ நேரம் சிஸ்டர், சோறு வேகற நேரமா, பருப்பு வேகற நேரமா?"ன்னு கேப்பா. திட்டுவேன். திரும்பிக்கிட்டுச் சிரிப்பேன்.

அம்மை குத்தறது என் வேலையே இல்ல. அதுக்குன்னே சுகாதாரத் துறையில ஒருத்தர் இருந்தார். காக்கிச் சட்டை, சைக்கிள், சைக்கிள்ல ஒரு தோல் பை. ஊர் ஊராப் போய் குத்திட்டு, வேர்வையும் புழுதியுமா ஆஸ்பத்திரிக்கு வருவார். அவர் கீறப் போற இடத்தை வெறும் தண்ணியில நனைச்ச பஞ்சால துடைப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. என் பொண்ணுங்களை இந்த ஆள் தொடக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு அந்த வேலையை நானே வாங்கிக்கிட்டேன். மருந்து மட்டும் அவர் கொண்டு வந்து குடுத்தார்.

நான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிச்சு.

"இன்னா சிஸ்டர், ஸ்பிரிட்டு தடவிக்கினு குத்தப் போறீங்களா? வாணாம். ஈரம் காயறதுக்குள்ள கீறினா அது பாலை சாவடிச்சிடும். வெறும் தண்ணி போதும்."

"நீங்க தண்ணியில துடைச்சுத் துடைச்சு ஊர்ல எத்தனை பேருக்கு சீழ் வச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க வேலையைப் பாருங்கய்யா"ன்னேன். பதினொரு பொண்ணுங்க நின்னு பார்த்துக்கிட்டிருக்காங்க. அவர் பையை எடுத்துக்கிட்டுப் போய்ட்டார்.

நான் நல்லா சொட்டச் சொட்டத் துடைச்சு, உடனே உடனே கீறி, மளமளன்னு முடிச்சேன். கடைசி ரெண்டு பொண்ணுங்களுக்கு வரும்போது பாட்டில் காலி. வேற வழியில்லாம, கொதிக்க வச்சு ஆறின தண்ணியில துடைச்சுக் குத்தினேன். அந்த ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆகிடுமோன்னு ஒரு வாரம் நான் பட்ட கவலை எனக்குத்தான் தெரியும்.

எட்டாம் நாள் வரிசையா நிக்க வச்சுக் கையைப் பார்த்தேன். கடைசி ரெண்டு பேருக்கு மட்டும் அழகா எழும்பியிருக்கு. மத்த ஒன்பது பேர் கையிலயும் ஒண்ணுமே இல்ல, கீறின கோடு கூட மறைஞ்சு போச்சு.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருக்கிற உடம்புல சில சமயம் எழும்பாதுன்னு எங்கயோ படிச்சிருந்தேன். அரைகுறையாப் படிச்சதை வச்சுக்கிட்டு, ஒன்பது பேருக்கும் எதிர்ப்பு சக்தி இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். மறுபடி குத்தினா இன்னும் எட்டு நாள் போகும். வார்டுல ஆள் இல்லாம டாக்டர் திங்கட்கிழமையே பொண்ணுங்களைக் கேக்கறார். எல்லாத்துக்கும் மேல, மறுபடி மருந்து வேணும்னா அந்த சைக்கிள்காரர்கிட்டதான் போய் நிக்கணும்.

எஸ்தர் மட்டும் நகராம நின்னா. "சிஸ்டர், எங்க ஊர்ல அம்மை குத்தறவரு வந்தாலே எல்லாரும் சவுக்குத் தோப்புல போய் ஒளிஞ்சிக்குவோம். எனக்கு இதுக்கு முன்னாடி குத்துனதே கிடையாது. எனக்கு எப்டி எழும்பாம போவும்?"

"சின்ன வயசுல லேசா வந்து போயிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்காது. போ, போய் டிரேயைத் துடை."

பதினொரு பேருக்கும் சர்ட்டிஃபிகேட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூணு மாசம் ஒண்ணும் நடக்கல. சித்திரை வெயில்ல ஒரு நாள், ஆந்திரா பக்கமிருந்து வந்த ரயில்ல இருந்து கூலிக்காரர் ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு, பெரியம்மைதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால தனியா ஒரு ஓலை ஷெட் உண்டு, அங்க போட்டோம். சின்ன வயசுல அம்மை வந்து முகமெல்லாம் தழும்பா இருந்த ஆயா ஒருத்தி, அவளை மாதிரி ஆளுக்கு மறுபடி வராது, அவளை அனுப்பினோம். கூட ஒரு நர்ஸ் வேணும். டாக்டர் என் சர்ட்டிஃபிகேட் லிஸ்ட்டைக் கேட்டார். எல்லாப் பொண்ணுங்களும் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. எஸ்தர் கையைத் தூக்கினா. தூக்கிட்டு என்கிட்ட மெதுவா, "சிஸ்டர், எனக்கு எழும்பவே இல்லியே, போலாம்ல?"ன்னு கேட்டா.

"லிஸ்ட்ல பேர் இருக்கு. தைரியமா போ"ன்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

மூணாம் நாள் காலையில அந்த சைக்கிள்காரர் வந்தார். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் குத்திக்கிட்டு ஓட்டமா ஓடிக்கிட்டிருந்தவர், வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஷெட்டாண்ட யாரு இருக்காங்க?" சொன்னேன். "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க சிஸ்டர். கையைப் பார்த்துட்டுப் போறேன். எழும்பின தழும்பு இல்லன்னா இப்பவே குத்திடலாம். இன்னிக்கி மூணாவது நாளுதான். இன்னிக்கி குத்தினாக் கூட பொழைச்சிக்கும். வுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"எல்லாம் பார்த்துதான் சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்கேன்"னேன்.

"நீங்க பார்த்தீங்க, சரி. நானும் ஒருவாட்டி பார்த்துக்கினா இன்னா கொறைஞ்சுடப் போவுது?"

எனக்குக் குரல் ஏறிடுச்சு. சத்தம் கேட்டு டாக்டர் வெளியில வந்தார். ரெண்டு பேரையும் பார்த்தார். "சிஸ்டர், நிச்சயமா தெரியுமா?"ன்னு என்னைக் கேட்டார்.

புள்ளைங்களா, இங்கதான் நில்லுங்க. அந்த நிமிஷத்துல எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ள நல்லாத் தெரியும், ஏதோ சரியில்லன்னு. எஸ்தர் ரெண்டு தரம் கேட்டுட்டா. அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு மட்டும் எப்படி எழும்பிச்சுன்னு எனக்கே ஒரு உறுத்தல் இருந்தது. ஆனா அவ சட்டைக் கையைத் தூக்கினா ஒன்பது சர்ட்டிஃபிகேட்டும் பொய்னு ஆகிடும். அதுவும், யாரை எல்லார் முன்னாலயும் மட்டம் தட்டினேனோ அந்த ஆள் முன்னால. வேற ஒரு காரணமும் இல்ல, வெறும் வீம்பு. "நிச்சயம் சார்"னு சொன்னேன். டாக்டர் என்னை நம்பி உள்ள போய்ட்டார். சைக்கிள்காரர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனார்.

பன்னெண்டாம் நாள் எஸ்தருக்கு இடுப்பு வலி, அடிச்சுப் போட்ட மாதிரி காய்ச்சல். ரெண்டு நாள் கழிச்சு முகத்துல அம்மை போட ஆரம்பிச்சது. அன்னிக்கே எழும்பாத மத்த எட்டு பொண்ணுங்களுக்கும் சைக்கிள்காரரே வந்து, வெறும் தண்ணியில துடைச்சுக் குத்தினார். எட்டாம் நாள் எல்லாக் கையிலயும் கொப்புளம் திரண்டு நின்னுச்சு. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். என்னை நிமிர்ந்து கூடப் பார்க்கல.

நான் எஸ்தர் கூடவே இருந்தேன். எனக்குப் படிக்கும்போதே ஒழுங்காக் குத்தி எழும்பியிருந்தது. அவ ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லல. ஒரே ஒரு தடவை, ஞாபகப்படுத்தற மாதிரி, "நான் சொன்னேன்ல சிஸ்டர், எனக்கு எழும்பலன்னு"ன்னா. ஒரு தடவை கண்ணாடி கேட்டா. இல்லன்னு பொய் சொன்னேன். பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா சொன்னது, "எங்க நைனா வந்தா உள்ள வுடாதீங்க. அதுக்கும் குத்தல." அவங்க பக்கம் அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவாங்க.

அவர் வந்து மூணு நாளா வேலிக்கு அந்தப் பக்கம் வெயில்ல நின்னுக்கிட்டிருந்தார். நான் உள்ள விடல. நாலாம் நாள் காலையில வேலிகிட்ட போய், எஸ்தர் போய்ட்டான்னு சொன்னேன். வேலியைப் பிடிச்சுக்கிட்டு, "ஊசி போட்டீங்களாம்மா பாப்பாவுக்கு?"ன்னு கேட்டார்.

"போட்டேன்."

"போட்டும் வந்துச்சா?"

நான் வாயைத் திறக்கல. உடம்பைக் கூட அவர்கிட்ட குடுக்க முடியல, சுகாதாரத் துறைக்காரங்களே கொண்டு போய் புதைச்சாங்க. அவர் பின்னாலயே தள்ளி நடந்து போனார். ஷெட்டுல இருந்த கூலிக்காரர் பொழைச்சு, குளிச்சு, கும்பிடு போட்டுட்டு ரயிலேறிப் போனார். எஸ்தர் அவருக்குக் கஞ்சி ஊத்தி ஊத்திக் காப்பாத்தியிருந்தா.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டார். அப்புறம், "நடந்தது நடந்து போச்சு, வெளியில பேசாதீங்க"ன்னார். எனக்கும் அதுதான் வசதியா இருந்தது. உண்மையைச் சொல்றேன், வசதியாத்தான் இருந்தது.

ஒரு மாசம் ஆகியிருக்கும். சைக்கிள்காரர் வந்தார். இந்தத் தடவை பையைக் கீழ வச்சிட்டு என் எதிர்ல உட்கார்ந்தார்.

"சிஸ்டர், எஸ்தர் காலனியில ஒருத்தரும் கை நீட்ட மாட்டேன்றாங்க. ஊசி போட்ட பொண்ணே செத்துப் போச்சு, நீ எங்க புள்ளைங்களுக்குக் குத்த வந்துட்டியான்னு கல்லைத் தூக்கறாங்க. எஸ்தரு நைனா வாசல்லயே குந்திக்கினு கீறாரு. பக்கத்து ஊர்ல ரெண்டு ஊட்ல போட்டுடுச்சு. நாளைக்கோ மறுநாளோ காலனிக்கும் வந்துடும். கொழந்தைங்க மட்டும் நாப்பது இருக்கும்."

"நான் என்னண்ணே பண்ண முடியும்?" அவரை அண்ணேன்னு கூப்பிட்டது அன்னிக்குத்தான்.

"வந்து நடந்ததைச் சொல்லுங்க. ஊசி பொய்யில்லன்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க." பையைத் தூக்கிக்கிட்டு, "வரலன்னா நான் இன்னா பண்றது. கல்லடி பட்டாலும் திரும்பியும் போவேன், அவ்ளோதான்"னார்.

அன்னிக்கு நான் போகல. அவங்க அடிப்பாங்களோ, வேலை போய்டுமோ, அப்பா காதுக்குப் போய்டுமோன்னு எனக்கு ஆயிரம் பயம். அடுத்த நாள் பக்கத்து ஊர்ல ஒரு குழந்தை செத்துப் போச்சுன்னு சேதி வந்தது. கிளம்பிட்டேன். அவர் சைக்கிளைத் தள்ள, நான் கூட நடந்தேன்.

எஸ்தரோட அப்பா வாசல்லதான் இருந்தார். ஜனம் கூடிடுச்சு. நான் எதுவும் ஜோடிச்சு சொல்லல. ஸ்பிரிட் தடவினது, அது மருந்தைக் கொன்னது, எஸ்தர் ரெண்டு தரம் கேட்டது, சைக்கிள்காரர் மூணாம் நாள் வந்து கையைப் பார்க்கறேன்னு சொன்னது, நான் வேணாம்னு தடுத்தது, எல்லாத்தையும் சொன்னேன். "ஊசி பொய் இல்லங்க. நான்தான் பொய். உங்க பொண்ணுக்கு ஒழுங்கா குத்தியிருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பா"ன்னேன். ஒரு அம்மா மண்ணை வாரித் தூத்தினாங்க. நான் துடைக்கல.

எஸ்தரோட அப்பா எழுந்து நின்னார். "வேலியாண்ட அன்னிக்கே கேட்டேனேம்மா. ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். உள்ள பார்த்துக் கூப்பிட்டார். எஸ்தரோட தங்கச்சி வந்துச்சு, ஏழெட்டு வயசு இருக்கும், அதே மூக்கு. அவரே அதோட சட்டைக் கையைத் தூக்கி விட்டார். பழக்க தோஷம், குழந்தையோட கையைப் பிடிச்சுக்கலாம்னு நான் ஒரு அடி முன்னால வச்சேன்.

"நீ தொடாத. அவரு குத்தட்டும்."

சத்தமே இல்லாமதான் சொன்னார். நான் பின்னால நகர்ந்து வந்து ஒரு வேலியோரமா நின்னேன். அந்தக் குழந்தைக்குக் குத்தினதும் ஒவ்வொருத்தரா வந்து கையை நீட்டினாங்க. கடைசியா எஸ்தரோட அப்பாவும் நீட்டினார். நான் நோட்டுல பேர் எழுதிக்கிட்டே இருந்தேன். யார் பேரையும் என்கிட்ட வந்து சொல்லல, சைக்கிள்காரர்கிட்ட சொன்னாங்க, அவர் எனக்குச் சொன்னார்.

அந்தக் காலனிக்குப் பெரியம்மை வரல. வேலையும் போகல, எங்கயோ ஒரு காகிதத்துல எனக்கு ஒரு எச்சரிக்கை எழுதினதோட சரி. அதுக்கு அப்புறம் நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்துல, கார்டைப் பார்த்து யாரையும் வார்டுக்குள்ள விட்டதில்ல, கையைப் பார்ப்பேன். என்னை விடக் கீழ்வேலை பார்க்கறவங்க ஒண்ணு சொன்னா, கையில இருக்கிறதைக் கீழ வச்சிட்டுக் கேப்பேன். பின் வரிசையில நின்னு கேள்வி கேட்ட பொண்ணே, ஊசி பிடிச்சிருக்கான்னு உன் ரத்தத்தை ஏன் பார்க்கணும்னு இப்ப உனக்கே தெரியும்.

எட்டாம் நாள் கொப்புளம் பார்க்க சைக்கிள்காரரோட நானும் அந்தக் காலனிக்குப் போனேன். தள்ளிதான் நின்னேன். எஸ்தர் தங்கச்சி மட்டும் ஓடி வந்து, பாவாடையில மூக்கைத் துடைச்சுக்கிட்டு, கையைத் தூக்கிக் காட்டிச்சு. அழகா, வட்டமா, முத்துப் போல எழும்பியிருந்தது.

"பாரு, எனக்கு எழும்பிக்கிது. எங்கக்காவுக்கு ஏன் எழும்பல?"

நான் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த வயசுக்குப் புரியற மாதிரி, ஒண்ணும் மறைக்காம சொன்னேன். அது முழுசாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, சட்டைக் கையை மெதுவா இறக்கி விட்டுக்கிட்டு, நைனாகிட்ட போய் ஒண்டிக்கிட்டு நின்னுச்சு.